சட்டம் மாறப்போகிறது என்றால் கையிலுள்ள விண்ணப்பம் என்னாகும்? புசல்லாவைக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வீதியில் புசல்லாவை நகரத்தில் இறங்கினால், போட்டோகொப்பிக் கடைகளில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றோடு நிற்பதைக் காணலாம். பிறப்புச் சான்றிதழ், தாயின் விவாகச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அருகில் நிற்பவரின் கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய குரல் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்: "லண்டன்ல சட்டம் மாறுதாம், இனி இருபது வருசமாம்." "கனடாவில மூடியாச்சாம்." "இந்தியாவில முகாம் ஆக்களுக்கு விசா தேவையில்லையாம்."

இந்தப் பதிவுகளில் பாதி உண்மை இருக்கும். மற்றப் பாதியால்தான் ஆபத்து. முன்மொழிவை நடப்புச் சட்டம் என்று நம்பி அரைகுறை ஆவணங்களோடு அவசரமாக விண்ணப்பித்தவர்களும், எப்படியும் மறுத்துவிடுவார்கள் என்று பேசாமல் இருந்து தவணையைத் தவறவிட்டவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

ஒரு குடிவரவுச் சட்டம் மாறப்போகிறது என்ற செய்தி வந்தால் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும். அது முன்மொழியப்பட்ட நாள் எது? நடைமுறைக்கு வரும் நாள் எது? நமது விண்ணப்பம் எந்த நாளின் விதிப்படி தீர்மானிக்கப்படும்? ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்கும் ஏற்கெனவே அந்த நாட்டில் இருப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான் இடைமாற்ற ஏற்பாடு என்கிறார்கள். தலைப்புச் செய்தியில் அது வருவதில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இது புசல்லாவைக்குப் புதிய பாடமும் இல்லை. ரொத்சைல்ட், டெல்டா, சோகம, மெல்போர்ட் என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களின் மூன்று தலைமுறை வாழ்க்கையை, விண்ணப்பம் போட்ட நாளும் சட்டம் மாறிய நாளும்தான் தீர்மானித்தன. முதலில் அதைப் பார்ப்பது இன்றைய செய்திகளைப் புரிந்துகொள்ள உதவும்.

1951 ஓகஸ்ட் 5

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் அதன்படி போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயங்களில் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்தில், பாட்டனின் பிறப்பை எந்தக் காகிதத்தைக் கொண்டு நிரூபிப்பது?

அடுத்து வந்ததுதான் விண்ணப்பச் சட்டம்: 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம். 1946 ஜனவரி 1 க்கு முன்னர், திருமணமானவர் தொடர்ச்சியாக 7 ஆண்டுகளும் தனியாள் 10 ஆண்டுகளும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள். அதே 1949 இல் இன்னொரு சட்டம், பிரஜைகள் அல்லாதவர்களின் வாக்குரிமையையும் எடுத்துவிட்டது. 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றிருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸின் வாக்காளர்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

காங்கிரஸ் முதலில் இந்த விண்ணப்பங்களைப் பகிஷ்கரித்தது. அநீதியான சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பது அந்தச் சட்டத்தை ஏற்பதாகிவிடும் என்பது அதன் நியாயம். பின்னர் முடிவை மாற்றி, விண்ணப்பியுங்கள் என்றது. அதற்குள் தவணையில் பெரும் பகுதி கழிந்துவிட்டது. பகிஷ்கரிப்பு சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். எனக்கு அது அரசியலாக விளங்குகிறது. விண்ணப்பதாரரின் இடத்தில் நின்று பார்த்தால் விளங்கவில்லை. கடைசி மாதங்களில் பெரிய கங்காணியையும் தோட்டக் கிளாக்கரையும் தேடி ஓடிப் படிவம் நிரப்பியவர்களால் பழைய செக்ரோல் பதிவுகளைத் தேடி எடுக்க முடிந்திருக்குமா?

237,000 க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர். விசாரணைகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டன. முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. இடையில் ஊருக்குப் போய்வந்த கணக்கு, மனைவி பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி, பெயரில் வந்த எழுத்து வித்தியாசம் என்று சிறு சிறு காரணங்களே நிராகரிக்கப் போதுமாயின.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953 இல் தோற்றது. பிரஜை யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று தீர்ப்பு வந்தது. "கோட்டில போட்டா எல்லாம் சரியாகும்" என்று இன்றும் சொல்பவர்கள் அந்த வழக்கை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

விண்ணப்பம் உள்ளே இருக்கும்போதே மாறிய சட்டம்

1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 975,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கப்படும். அந்த மிச்சத்தை 1974 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பது கணக்கு.

இன்றைய விண்ணப்பதாரர் கவனிக்க வேண்டியது அந்தக் கணக்கு நடுவில் எப்படி மாறியது என்பதை. 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க நடைமுறைப்படுத்தல் சட்டப்படி, ஏழு பேருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கொடுக்கப்பட்டால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கும். விண்ணப்பங்கள் 1970 ஏப்ரல் 30 வரை ஏற்கப்பட்டன. 1971 இல் வந்த திருத்தம், இந்தியப் பிரஜாவுரிமை கொடுத்தால் மட்டும் போதாது, அந்த ஏழு பேரும் உண்மையாகவே கப்பலேறிப் போயிருக்க வேண்டும் என்றது. விண்ணப்பித்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய படிவமும் மாறவில்லை. அது கச்சேரியில் கிடந்தபோதே அளவுகோல் மாறிவிட்டது.

பிறகும் கதை நேராகப் போகவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர்களில் பலர், 1984 இல் தலைமன்னார் கப்பல் சேவை நின்றபின் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1986, 1988 சட்டங்கள் ஒரு பகுதியினருக்கு வழி திறந்தன. 2003 ஒக்டோபரில் நாடாளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய 35 ஆம் இலக்கச் சட்டம்தான் பெரும்பாலானவர்களின் பிரச்சினையைத் தீர்த்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் அது பிரஜாவுரிமை கொடுத்தது. சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு பிரகடனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்குத் தனியான பிரகடனம். அந்தப் பிரகடனப் பிரதி இன்று எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது வேறு கேள்வி.

வவுனியா வழியாக மண்டபம் போனவர்கள்

1958, 1977, 1981, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். போர் அங்கும் துரத்தியது. அவர்களில் பலர் மன்னார்க் கடல் தாண்டி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களை "யாழ்ப்பாணத்து அகதிகள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே கணிசமானவர்களின் வேர் இந்தத் தேயிலை மலைகளில் இருக்கிறது. ஒரே பாட்டனின் ஒரு பேரன் ஒப்பந்தப்படி போய் நீலகிரியில் இந்தியப் பிரஜை. இன்னொரு பேரன் படகில் போய் முகாமில் அகதி. இடையில் இருக்கும் வித்தியாசம் போன ஆண்டும் போன வழியும்தான்.

முகாமில் இருக்கும் உறவினர்களைப் பற்றிய செய்திதான் அதிகமாகத் திரிபடைகிறது. இந்தியாவின் 2025 ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அந்த ஆண்டு செப்டெம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதனோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஒரு சலுகை தருகிறது: கடவுச்சீட்டோ விசாவோ இல்லை என்பதற்காக அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் அவர்கள் மீது பாயாது. அது பெரிய ஆறுதல். ஆனால் அதைப் பிரஜாவுரிமை என்றோ நீண்டகால விசா என்றோ வாசிக்கக்கூடாது. பதிவு செய்யாமல் வெளியில் இருப்பவருக்கும், அந்தத் திகதிக்குப் பின் போனவருக்கும் அது பொருந்தாது.

பிரஜாவுரிமை என்று வரும்போது, 2019 இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கே வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாம்களில் இருந்த 65 பேரின் மனுவில், அவர்கள் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் என்பதைக் கவனத்தில் எடுத்து, விண்ணப்பிக்க இடமளித்து 16 வாரங்களில் முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்குச் சொன்னது. பிறப்பின் வழியாகவும் ஒரு பாதை உண்டு. 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், அந்நாட்டுச் சட்டப்படி பிறப்பால் பிரஜை. 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவர் நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டு பெற்றதும் இதன்படிதான். அந்தத் திகதிக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்த தம்பிக்கு அதே வாதம் கிடையாது.

இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இன்னொரு விடயம். 2009 இல் வந்த திருத்தங்கள், போர் காரணமாக இந்தியா போயிருந்த இந்திய வம்சாவளியினருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமையை நீட்டின. அங்கு பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்து, வம்சாவளிப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது கடந்துவிட்டால் தாமதப் பதிவாகிவிடும். வழி அடைபடுவதில்லை, அலைச்சல் கூடும். 2025 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்பு முறையான துறைமுகம் வழியாக வெளியேறவில்லை என்று குடிவரவுச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். எதிர்ப்பு எழுந்ததும், இந்த நிலைமை மாற்றப்படும் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டது. சொன்னது வாக்குறுதி. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தில் அந்தக் குற்றம் எழுத்தில் இருக்கிறது. திரும்புபவர்கள் பயணத்துக்கு முன்பே அகதிகளுக்கான ஐ.நா. அலுவலகம் வழியாக ஒழுங்கு செய்து, முகாம் பதிவு, வெளியேற்ற அனுமதி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வருவது நல்லது.

பிரித்தானியா: அறிவித்ததும் வந்ததும்

புசல்லாவையிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள், போர்க்காலத்தில் வடக்கில் இருந்து தஞ்சம் கோரிப் போனவர்கள், கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருப்பவர்கள் என்று மூன்று வகையினருக்கும் பிரித்தானியச் செய்திகள் முக்கியம்.

முதலில் ஒரு பழைய தீர்ப்பு. 2009 இல் பிரபுக்கள் சபை, ஓடலோலா என்ற நைஜீரிய மருத்துவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் விண்ணப்பித்த பிறகு விதி மாறியது. புதிய விதியின்படி அவருக்குத் தகுதி இல்லை. விண்ணப்பித்த நாளின் விதியா, முடிவெடுத்த நாளின் விதியா? வேறு ஏற்பாடு எழுதப்பட்டிராவிட்டால் முடிவெடுக்கும் நாளின் விதியே பொருந்தும் என்றது மன்றம். "நான் முந்தியே போட்டுட்டன்" என்பது தானாகவே பாதுகாப்புத் தராது என்று இதற்கு அர்த்தம். நடைமுறையில் பல விதிமாற்ற அறிக்கைகளில், இந்தத் திகதிக்கு முன் கிடைத்த விண்ணப்பங்கள் பழைய விதிப்படி தீர்மானிக்கப்படும் என்ற வசனம் சேர்க்கப்படுகிறது. அந்த வசனம் இருக்கிறதா என்பதைத்தான் சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டும்.

அறிவிப்பு ஒன்று, சட்டம் வேறொன்று என்பதற்குத் துணை விசாவே நல்ல உதாரணம். 2023 டிசெம்பர் 4 இல், துணையை அழைக்கும் ஒருவரின் வருட வருமானம் 18,600 பவுணிலிருந்து 38,700 பவுணாக உயரும் என்று அரசு அறிவித்தது. எத்தனையோ கலியாணங்கள் அவசர அவசரமாக முன்தள்ளப்பட்டன. அதே மாதம் 21 ஆம் திகதி, முதல் கட்டமாக 29,000 பவுண் என்று குறைத்துச் சொன்னார்கள். 2024 ஏப்ரல் 11 இல் நடைமுறைக்கு வந்தது 29,000. அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கும், அந்த வழியில் ஏற்கெனவே விசா எடுத்து அதே துணையோடு நீடிப்பவர்களுக்கும் பழைய 18,600 அளவு தொடர்ந்தது. டிசெம்பரில் தலைப்பை மட்டும் பார்த்து நம்பிக்கை இழந்து விட்டுவிட்டவர்களுக்கு நான்கு மாத அவகாசம் வீணாய்ப் போயிற்று.

பராமரிப்புத் தொழிலாளர் விசாவில் நடந்தது நேர் எதிர். 2025 மே 12 வெள்ளை அறிக்கையில் சொன்னார்கள். ஜூலை 1 இல் விதிமாற்றத்தை முன்வைத்தார்கள். ஜூலை 22 இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு எடுப்பது நின்றுவிட்டது. பத்து வாரம். வீட்டை ஈடு வைத்து ஏஜென்சிக்கு முற்பணம் கட்டியவர்களுக்கு அந்தப் பத்து வாரத்தில் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது எல்லோரும் பேசுவது நிரந்தர வதிவிடம் பற்றி. வழமையான தகுதிக் காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கும் யோசனை அந்த மே மாத அறிக்கையிலேயே இருந்தது. 2025 நவம்பரில் விரிவான முன்மொழிவுகள் வந்தன. பராமரிப்பு வேலை போன்ற, குறைந்த தகைமைத் தரத்தில் வகைப்படுத்தப்பட்ட வேலையாட்களுக்கு 15 ஆண்டு. புதிய முறையில் பாதுகாப்புப் பெறும் அகதிகளுக்கு முப்பது மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வும் நிரந்தர வதிவிடத்துக்கு 20 ஆண்டும். பிரித்தானியப் பிரஜையின் துணைக்கு 5 ஆண்டு அப்படியே. ஏற்கெனவே நிரந்தர வதிவிடம் பெற்றவர்களைத் தொடப்போவதில்லை என்றும் சொல்லப்பட்டது. ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்து, இன்னும் அது கிடைக்காதவர்களுக்கும் புதிய காலத்தைப் பொருத்துவதே அரசின் எண்ணம் என்பதால்தான் இத்தனை கலக்கம். அவர்களுக்கு இடைமாற்ற ஏற்பாடு வேண்டுமா என்பது, 2026 பெப்ரவரி 12 வரை நடந்த கருத்துக்கேட்பில் ஒரு கேள்வியாகவே வைக்கப்பட்டது.

ஐந்து ஆண்டு நிறைவை நெருங்குபவர் என்ன செய்யலாம்? தகுதிக் காலம் முடிய 28 நாட்களுக்கு முன்பிருந்தே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க அந்நாட்டு நடைமுறை இடமளிக்கிறது. அந்த முதல் நாளிலேயே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அதற்கும் முந்திப் போட்டால் நிராகரிப்புத்தான். 2025 ஏப்ரல் கட்டணப்படி 3,029 பவுண் போனது போனதுதான். விசா முடியுமுன் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும். ஆனால் அந்த இடைக்காலத்தில் நாட்டை விட்டு வெளியே வந்தால் விண்ணப்பம் வாபஸ் பெற்றதாகக் கருதப்படும். செத்த வீட்டுக்கு வா என்று ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வராதவனைக் கல்நெஞ்சன் என்று ஏசுமுன் அவனுடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பின்னோக்கிப் பாயும் மாற்றங்களை எதிர்த்து வென்ற வழக்கும் உண்டு. 2006 இல் உயர்திறன் குடிவரவாளர் திட்டத்தில் வந்தவர்களுக்கு நடுவழியில் விதியை மாற்றியதை, 2008 ஏப்ரலில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் நியாயமற்றது என்று தள்ளியது. அந்தத் திட்டத்தில் அரசே எழுத்தில் கொடுத்திருந்த உறுதிமொழிகள் அங்கே உதவின. எல்லா விசாவுக்கும் அப்படி எழுத்து இருக்காது.

கனடா: முன்வைத்த நாளே எல்லை

முன்மொழிவு சட்டமாகும்வரை ஒன்றும் நடக்காது என்று இருப்பவர்களுக்குக் கனடா ஓர் எச்சரிக்கை. 2025 ஜூன் 3 இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சி-2 சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. 2020 ஜூன் 24 க்குப் பின் கனடாவுக்குள் வந்தவர், முதல் வருகையிலிருந்து ஓராண்டு கடந்து அகதிக் கோரிக்கை வைத்தால், அது அகதிச் சபையின் விசாரணைக்குப் போகாது என்பது அதன் ஒரு பிரிவு. சட்டமூலம் முன்வைக்கப்பட்ட ஜூன் 3 முதல் வைக்கப்படும் கோரிக்கைகளுக்கே அது பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். அதே பிரிவு ஒக்டோபரில் வந்த சி-12 சட்டமூலத்திலும் சேர்ந்தது. அது டிசெம்பரில் பொதுச் சபையைக் கடந்தது.

சட்டமாகும் நாள் எதுவாக இருந்தாலும் எல்லைக்கோடு ஜூன் 3 தான். மாணவ விசாவிலோ பார்வையாளர் விசாவிலோ போய், ஊரில் நிலைமை எப்படியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை இது நேராகத் தாக்குகிறது. அவர்களுக்கு எஞ்சுவது நாடுகடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீடு. முழு விசாரணையின் இடத்தை அது நிரப்பாது. இந்த ஓராண்டுக் கணக்கு முதல் வருகையிலிருந்து தொடங்குவதால், இடையில் ஊருக்கு வந்து திரும்பிப் போனாலும் கடிகாரம் புதிதாக ஆரம்பிக்காது.

பெட்டியில் இருக்கும் காகிதம்

எந்த நாட்டு விதி எப்படி மாறினாலும், முதல் நாளில் விண்ணப்பிக்கக் கூடியவர் ஆவணம் தயாராக உள்ளவர் மட்டுமே. தோட்டக் குடும்பங்களின் ஆவணங்களில் சிக்கல் அதிகம் வருவது பெயரில். பிறப்புப் பதிவைச் சிங்களத்தில் எழுதிய பதிவாளர் ஒருவர் முத்துலெட்சுமியை ஒரு விதமாக எழுதியிருப்பார். பாடசாலை விடுகைப் பத்திரத்தில் வேறு விதம். அடையாள அட்டையில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். வெளிநாட்டு அதிகாரி இதை மூன்று வெவ்வேறு ஆட்களாகத்தான் பார்ப்பார். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் கோருவதும், பிறப்புப் பதியப்படாத முதியவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பதும் பிரதேச செயலகம் வழியாக மாதக்கணக்கில் எடுக்கும். சட்டம் மாறும் செய்தி வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது. இன்றைக்கே தொடங்கலாம்; அதற்கு எந்த விசாவும் தேவையில்லை.

பிரஜாவுரிமைக் காகிதங்களை வீசிவிட வேண்டாம். 1949 சட்டத்தின் கீழ் தாத்தா பெற்ற சான்றிதழ், ஒப்பந்த காலத்து விண்ணப்ப இலக்கம், காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டு, 2003 பிரகடனத்தின் பிரதி, முகாம் பதிவு அட்டை எல்லாவற்றையும் வைத்திருங்கள். மதுரைக் கிளையில் திருச்சி முகாம் மக்களின் வாதம் நின்றது தாங்கள் இந்திய வம்சாவளியினர் என்ற அடிப்படையில். அதைக் காட்டுவதற்கு வீட்டில் கிடைப்பது இந்த மாதிரிப் பழைய காகிதம்தான். தோட்ட ஒபிஸில் பேர் பதிந்த விபரம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை ஆகியவையும் ஒருவர் எங்கே எப்போது வசித்தார் என்பதைக் காட்டும். தோட்டம் கை மாறும்போது பழைய பதிவேடுகள் காணாமற்போவது நாம் பார்த்ததுதான். இப்போதே கேட்டு ஒரு கடிதம் எடுத்து வைப்பது நல்லது. சான்றிதழ்களை வெளிநாட்டுத் தேவைக்கு உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் உண்டு.

போரின்போது வன்னியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களிடம் காகிதம் கேட்பது கொடுமை. ஆனால் கேட்பார்கள். இழந்த ஆவணத்துக்குப் பதிலாக, அது எப்படி இழக்கப்பட்டது, அப்போது எங்கே இருந்தீர்கள், எந்த முகாமில் பதிந்தார்கள் என்பதைச் சத்தியக் கடதாசியாக எழுதி, அதே ஊரில் இருந்த ஒருவரின் கடிதத்தோடு வைக்கலாம். தஞ்சக் கோரிக்கையில் சொன்ன திகதியும் இதில் வரும் திகதியும் ஒத்துப்போக வேண்டும். ஞாபகமில்லாத நாளுக்கு உத்தேசமாக ஒரு திகதியைப் போட்டுவிட்டு, பிறகு அதற்காகவே பொய்யர் என்று எழுதப்பட்டவர்கள் உண்டு. ஞாபகமில்லை என்றால் மாதத்தையோ பருவத்தையோ சொல்லுங்கள்.

சட்டம் மாறுமுன் போட்டுவிட வேண்டும், இன்றே முற்பணம் தாருங்கள் என்று ஒருவர் சொன்னால், எந்தச் சட்டம், எந்தத் திகதி, எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர் முகவரின் அனுமதி இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கலாம். பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை சொல்ல அனுமதி பெற்றவர்களின் பதிவேடு பகிரங்கமாக இருக்கிறது. கனடாவிலும் அப்படியே. உறவினரிடம் பெயரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.